புழுக்கள் சாப்பிடும் சத்தம்

போன செவ்வாய்க்கிழமை பல்லாயிரம் பட்டுப்புழுக்களை ஒரே க்ளிக்கில் காலி செய்தேன். பதறாதீர்கள்... புழுக்களை அல்ல, அவற்றின் சத்தத்தை. ஆனால் சுகந்திக்கு இரண்டும் ஒன்றுதான்.

மைசூரில் நான் சவுண்ட் இன்ஜினியராக இருக்கும் ஸ்டுடியோ, நடனம், நாடகம், ஒலி என்று இயங்கும் கலைஞர்களுக்கு ஆறு வாரத்துக்கு ஓர் அறையும் சாவியும் தருகிறது. 'எவ்வளவு முடித்தாய்?' என்று யாரும் கேட்பதில்லை. கடைசி ஞாயிறு மட்டும், செய்ததை வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும்.

சுகந்தி ஒலிக்கலைஞர். தமிழக எல்லையோர ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். வந்த அன்று அவள் கேட்டவை மூன்று: நல்ல மைக், இருட்டான அறை, யாரும் கதவைத் தட்டாத காலை. அவ்வளவுதான்! ஐந்து வாரம் ஊருக்குப் போய்ப் போய், பட்டுப்புழுக்கள் மல்பெரித் தழை தின்பதைப் பதிவு செய்தாள்.

புழு தின்றால் சத்தம் கேட்குமா? எனக்குத் தெரியாது. ஐந்து வாரப் பதிவும் இருந்த ஃபைலைத் திறந்தேன். சீரான ஒரு 'ஸ்ஸ்ஸ்...', நடுநடுவே வீட்டார் பேச்சு. அவள் கேட்காமலே உதவினேன். அந்த இரைச்சலை நீக்கினேன். அதே ஃபைலில் சேவ் செய்தேன். மெமரி கார்டை அழித்தேன். மூன்று படிகள் — மூன்றும் தவறு.

ஹெட்போனை மாட்டிய சுகந்தி நிமிர்ந்தாள். "எங்கப்பா பேசறாரு, நாய் கொரைக்குது... புழு எங்க?"

"அந்த 'ஸ்ஸ்ஸ்'தான் புழுவா?"

"ஒரிஜினல்?"

"அதுமேலேயே..."

கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. ஞாயிறுக்கு ஐந்தே நாள். அவள் வீட்டில் புழுக்கள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. கூடு கட்டும் புழு தின்னாது. போனை எடுத்தாள்.

"சித்தி, உங்க புழு இன்னும் தின்னுதா? நாளைக்கு வரைக்கும்தானா? பர்வாகில்ல, வந்தர்றேன்." என் பக்கம் திரும்பினாள். "நீளமான கேபிளா எடுத்துக்க. நீயும் வர்ற."

மறுநாள் காலை பஸ். புழு வளர்க்கும் கொட்டகை வாசலில் சித்தி மூக்கைச் சுளித்தார்.

"ஏங்கண்ணு, சென்ட்டு கிண்ட்டு போட்டிருக்கறயா?"

"கொஞ்சம்தாங்க..."

"அந்தக் கொஞ்சத்துக்கே புழு செத்துப்போயிரும். அங்கயே நில்லு!"

நின்றேன். கேபிளின் ஒரு முனையில் கொட்டகைக்குள் சுகந்தி. மறுமுனையில் மல்பெரித் தோட்டத்து ஓரம், ஹெட்போனுடன் நான். உள்ளே புதுத் தழை போட்டார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தூறல்... பிறகு அடைமழை! நான் நீக்கிய அதே 'ஸ்ஸ்ஸ்'.

சீராக இருப்பதெல்லாம் இரைச்சல் என்பது மென்பொருளின் கொள்கை. எங்களைப் போன்ற இன்ஜினியர்களின் கொள்கையும் அதுதானோ? சுகந்தியோ இரண்டு மணி நேரம் மைக்கை அசைக்கவில்லை. ஐந்து வார உழைப்பைத் தொலைத்தவளின் கை அது. இப்படி ஒரு கைக்கு ஆறு வாரம் கொடுப்பதைவிட உருப்படியான காரியத்தை நான் பார்த்ததில்லை.

ஞாயிறு. இருட்டறை நிறைந்திருந்தது. சத்தம் தொடங்கியதும், ஒருவர் எழுந்துபோய் வெளியே நிறுத்திய ஸ்கூட்டர் நனைகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் யாரும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் முன்வரிசையிலிருந்து சித்தியின் குரல்: "அடியே சுகந்தி, தழை தீந்துபோச்சு. போடச் சொல்லு!"

ஒலி அளவைக் காட்டும் என் மீட்டரைப் பார்த்தேன். சித்தி சொன்ன பிறகுதான் அது இறங்கத் தொடங்கியது.