ஆதிபா வீட்டுப் பின்புறத்துப் பச்சை

மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் இருந்துகொண்டு கடலை அளக்கிறாள் என்று நிஷ்மியாவை ஊரே கேலி பண்ணும். பண்ணட்டும். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் இடிபட வேண்டும். அவளுக்கோ அது மடிக்கணினியில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்காக, முப்பது வருடத்துக்கு முந்திய வான்படத்தின் மேல் இன்றைய செய்மதிப் படத்தை வைத்து, கரையைக் கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்று கோடு போடுவது அவள் வேலை. அலையை நம்ப முடியாது, அது நேரத்துக்கு நேரம் மாறும். புல்லும் மணலில் படரும் அடம்பன் கொடியும் எங்கே தொடங்குகின்றனவோ அங்கேதான் கோடு.

அவளுடைய ஒரே அக்கா, அவள் ராத்தா என்று கூப்பிடும் ஆதிபா, வாழ்க்கைப்பட்டதும் அந்தக் கரையில்தான், மீன்பிடிக்கும் மச்சானின் வீட்டில். கடல் பக்கமாகச் சமையலுக்குப் புதுக் குசினி கட்ட நினைத்தவள், "நீதானே அளக்கிற, பார்த்துச் சொல்லு புள்ள" என்றாள். நிஷ்மியா பார்த்தாள். முப்பது வருடத்தில் பதினைந்து மீற்றர் போயிருந்தது. வீட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இன்னும் இருபது மீற்றர், பச்சைப்பசேலென்று.

"நாப்பது வருஷத்துக்குப் பயமில்ல, ராத்தா."

அத்திவாரம் வெட்டிய அன்று ஆதிபா வீடியோ அழைப்பில் வந்தாள். அவளுக்குப் பின்னால் வீட்டடியில் கொஞ்சம் புல். அதைத் தாண்டினால் மணல்தான். மணலில் பச்சை நைலோன் வலை விரித்துக் கிடந்தது.

"வல எப்பவும் அங்கயா காயும், ராத்தா?"

"வேற எங்க? கொடியெல்லாம் எப்பவோ கடலோட போயிட்டே."

நிஷ்மியா செய்மதிப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். பச்சையின் ஓரம் கத்தரித்தது போல் நேராக இருந்தது. எந்தக் கொடி அப்படி வளரும்? அது காயப்போட்ட வலை. வேறு யாருடைய வீடாக இருந்தாலும் அன்றே சந்தேகப்பட்டிருப்பாள். ராத்தா வீட்டுக்குப் பின்னால் பச்சை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள், பச்சை தெரிந்துவிட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கோட்டை அழித்து மறுபடி போட்டாள். முப்பது வருடத்தில் போனது இருபத்தாறு மீற்றர், மிச்சம் ஒன்பது. பத்து வருடம் தாங்கினாலே பெரிய காரியம். பிழை தன்னுடையது என்று ஆய்வுக்காரர்களுக்கு எழுதுவது லேசாக இருந்தது. ராத்தாவை மறுபடி அழைக்கத்தான் கை வரவில்லை, ஆனாலும் வீடியோவில் அழைத்தாள்.

"நான் பிழையா அளந்துட்டேன், ராத்தா. குழிய மூடிட்டு ரோட்டுப் பக்கமாக் கட்டுங்க."

ஆதிபா திட்டவில்லை.

"குசினிய மாத்தலாம். வீட்ட எங்க புள்ள மாத்துறது?"

திரையில் அவளுக்குப் பின்னால் மச்சான் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அது கிடந்த இடத்தில் ஓர் இலைகூட இல்லை.