எல்லைக்கு வெளியே போன புகை

உக்குவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சுதர்சினி ஆயாவாக இருக்கிறாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். எந்தக் குழந்தை பசிக்கு அழுகிறது, எது சும்மா பாசாங்கு பண்ணுகிறது என்பது அவளுக்குத் தூரத்திலிருந்தே விளங்கிவிடும். ஒருமுறை பல மைல் தள்ளியிருக்கும் பலாபத்வலையில் பஸ்ஸுக்கு நின்றபடியே, "நம்ம கிருஷாந்தினி மகன் முழிச்சிட்டான்" என்று சொன்னாள். என் காதால் கேட்டேன். நம்பாதவர்கள் அங்கே போய் நின்று பார்க்கலாம்.

காம்பராவில் ஒரு கரண்ட் அடுப்பு இருந்தது. ஒரு கால் உடைந்த அடுப்பு; தட்டைக் கல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். பால்மா கரைக்கச் சுடுதண்ணீர், பெரிய பிள்ளைகளுக்குக் கஞ்சி, எல்லாம் அதில்தான்.

அப்படி இருக்கும்போது கம்பனிக்குத் திடீரென்று பூமியின் மேல் பாசம் பொங்கிவிட்டது. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், எவ்வளவு கரண்டை மிச்சம் பிடித்தீர்கள், எவ்வளவு காபனைக் குறைத்தீர்கள் என்று வருஷா வருஷம் அறிக்கை கேட்கிறார்களாம். அதை எழுதவே பிரதீஷ் என்று ஓர் இளம் அதிகாரியைப் போட்டார்கள். தொழிற்சாலையில் கிழட்டு மோட்டார்கள் கரண்டைக் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தன. அவற்றை மாற்றினால் செலவு. பெரிய தொரை பங்களாவில் ஏசி பகலிலும் ஓடியது. அதை நிறுத்தச் சொன்னால் வேலை போய்விடும். ஆகவே பிரதீஷ் நேரே பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார்.

"அக்கா, இந்த அடுப்ப எடுத்துக்கிட்டுப் போறோம். எரிசக்தி சேமிப்புத் திட்டம்."

"அப்ப பாலுக்குத் தண்ணி எதுல சேர் காய வைக்கிறது?"

"மூணு கல்லக் கூட்டி வெறகுல காய வைங்க. ஒங்க வீட்ல அப்புடித்தானே?"

"வெறக எரிச்சா பொகை வராதுங்களா?"

"வெறகு நீங்களா பொறுக்குறது. கம்பனி வாங்குறதில்ல. அதனால அந்தப் பொகை அறிக்கையோட எல்லைக்கு வெளிய."

அறிக்கைக்கு வெளியே போன புகை காம்பராவுக்கு வெளியே போகவில்லை. கூரைக்கு மேலே பறந்த காக்கை இருமிக்கொண்டே மாத்தளைப் பக்கம் திரும்பிற்று. வெள்ளைக் கோழி ஒன்று உள்ளே நுழைந்து கறுப்பாக வெளியே வந்ததில், சேவலே அதை அடையாளம் தெரியாமல் விரட்டியது. நான் சிரிப்பதற்காக இதைச் சொன்னாலும், உள்ளே தொட்டிலில் கிடந்தவர்களுக்குச் சிரிக்க மூச்சு இருக்கவில்லை. கொழுந்தெடுக்கும் கிருஷாந்தினியின் எட்டு மாதப் பையனுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது.

"பொகை ஆகவே ஆகாதுன்னுட்டாரு டாக்டர்," என்று கிருஷாந்தினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அழுதாள். "அடுப்பு திரும்பி வரலன்னா நா வேலைய விட்டு நின்டுருவேன்க்கா. நின்டுட்டா சோத்துக்கு என்னா செய்ய?"

"பொறு, பொறு. அடுப்பக் கொண்டாந்து வைக்கிறது என் பொறுப்பு," என்றாள் சுதர்சினி. எப்படி என்று அவளுக்கே தெரியாது. மூன்று தடவை ஆபிசுக்குப் போய்க் கேட்டாள். மூன்று தடவையும் பூமியைக் காப்பாற்றுவது பற்றிப் பாடம் கேட்டுத் திரும்பினாள்.

பிறகு, அறிக்கையைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து ஜஸ்லா என்ற அம்மா வருவதாகச் சேதி வந்தது. விடியும்போதே பிரதீஷ் ஓடி வந்தார். நெருப்பை அணைக்கவேண்டும், விறகை மறைக்கவேண்டும், 'புகையற்ற பசுமைத் தோட்டம்' என்று எழுதிய பெரிய பேனரைச் சுவரில் கட்டவேண்டும். சுதர்சினியும் அவசரத்தில் எரிந்துகொண்டிருந்த ரப்பர் விறகின் மேல் ஒரு செம்பு தண்ணீரைத் தெளித்து, பேனருக்குப் பின்னாலிருந்த மாடத்தில் செருகிவிட்டாள். ரப்பர் விறகு ஒரு செம்புக்கெல்லாம் அடங்குமா? ஜஸ்லா உள்ளே வந்து பேனரை வாசிக்கத் தொடங்கும்போது, பேனர் சுருட்டுக் குடிக்கிற கிழவனைப் போல வாயோரமெல்லாம் புகைவிட்டது.

"என்ன இது?" என்றார் ஜஸ்லா.

பிரதீஷ் கொஞ்சமும் கூசவில்லை. "இந்த ஆளுங்க பழக்கம் மிஸ். எவ்வளவு நல்லது செஞ்சாலும் வெறக விட மாட்டாங்க."

பேனர் கட்ட வந்து நின்ற எனக்கே அதைக் கேட்கக் கூசியது. சுதர்சினி தொட்டிலிலிருந்து கிருஷாந்தினி மகனைத் தூக்கி ஜஸ்லாவின் கையில் வைத்தாள்.

"நெஞ்சுல காத வச்சுக் கேளுங்க மிஸ். இந்தச் சத்தம் எல்லைக்கு உள்ளயா, வெளியவா? கரண்ட் அடுப்ப எடுத்துட்டுப் போனது கம்பனிதான்."

ஜஸ்லா கேட்டார். முகம் சுருங்கியது. பிள்ளையைக் கீழே விடாமலே பிரதீஷைப் பார்த்து, "போன வருஷக் கணக்கு முடிஞ்சிட்டு, அதுல கைவைக்க ஏலாது. இந்த வருஷத்திலிருந்து இந்த விறகையும் எல்லைக்குள்ள கொண்டு வாங்க," என்றார்.

நல்ல மனுஷி. பிள்ளைக்காகத்தான் சொன்னார். ஆனால் பிரதீஷின் முகத்தில் பல்ப் எரிந்ததை நான் பார்த்தேன். விறகு எல்லைக்குள் வந்தால், அதை நிறுத்துவதும் ஒரு சாதனைதானே!

அடுத்த மாதமே அடுப்பு வந்தது, சிவப்பு ரிப்பன் கட்டி. சுதர்சினி ரிப்பனை அவிழ்த்தாள். ஒரு கால் இல்லை. அதே அடுப்பு! இத்தனை நாளும் பங்களாவில் தொரையின் நாய் குளிக்கத் தண்ணீர் காய்ச்சியிருக்கிறது. கம்பியில் நாய் முடி ஒட்டியிருந்தது.

கூடவே ஒரு படக்காரரும் வந்திருந்தார். "அக்கா, மொதல்ல வெறக ஒருக்கா பத்த வைங்க," என்றார் பிரதீஷ். "திட்டத்துக்கு முன்னாடி எடுத்த மாதிரி ஒரு படம் வேணும். புள்ளைங்க பக்கத்துல இருக்கட்டும். இழுப்புள்ள புள்ள இருந்தா இன்னும் நல்லது."

சுதர்சினி ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி வெளியே பலாமரத்தடிக்குக் கொண்டுபோனாள். கடைசியாக வந்து வாசலை மறித்து நின்றாள்.

"தம்பி," என்றாள். அதுவரை சேர் என்றுதான் சொல்லுவாள். "பொகை வேணும்னா நீங்களே ஊதிக்குங்க. என் புள்ளைங்க ஒண்ணும் வராது."

அறிக்கை அன்றே போகவேண்டுமாம். வேறு வழியில்லாமல் பிரதீஷ் குந்தினார். காற்சட்டை அழுக்காகாமலிருக்க, பிள்ளையைப் பார்க்க வந்த கிருஷாந்தினி, கொழுந்தெடுக்கும்போது சேலைக்கு மேல் கட்டும் தன் படங்கை அவர் இடுப்பில் கட்டி, தலையில் துண்டையும் சுற்றிவிட்டாள். ஊதினார், இருமினார், கண்ணீர் கன்னத்தில் ஓடியது. படக்காரர் எடுத்தார்.

அறிக்கை வழவழத் தாளில் வந்தது. போன வருஷம் அடுப்பை எடுத்தது எரிசக்தி சேமிப்பு. இந்த வருஷம் அடுப்பைக் கொடுத்தது காபன் குறைப்பு. இரண்டுக்கும் பாராட்டு. தூ! நடுப்பக்கத்தில் படங்கு கட்டிய பிரதீஷ் புகைக்குள் அழுதுகொண்டிருந்தார். கீழே: 'திட்டத்திற்கு முன் துயருற்ற தொழிலாளிப் பெண்.'

சுதர்சினி அடுப்புக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, நாய் முடியைச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் வைத்தாள். கிருஷாந்தினி மகன் இழுக்காமல் பால் குடிக்கிறான். அந்தப் படம் காம்பராச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பசியில்லாமல் பாசாங்குக்கு அழும் பிள்ளைக்கு அவள் அதைத்தான் காட்டுகிறாள்.