எக்ஸைத் தேடிக் காமாட்சியிடம் போனேன்

அம்மனை நம்பும் சகோதரிகளே, என் மனசில் இருப்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். எஸ்.எஸ்.எல்.சி.யில் எனக்குக் கணக்கு மட்டும் பாக்கி. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தேன். ஆசிரியர் பயிற்சியில் சேர வயது வரம்பு அந்த ஆண்டோடு முடிகிறது. வீட்டுக்காரருக்கு வலது கை வாதத்தில் விழுந்து நான்கு மாதம். தறி நின்றது. அவர் பேச்சும் நின்றது. யார் என்ன கேட்டாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். எனக்கு ஆத்திரமாக வரும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அடுப்பில் சோறு குழையும். நான் சிலேட்டில் எக்ஸைத் தேடிக்கொண்டிருப்பேன். எந்த விடையும் சரியாக வராது. ஒரு வெள்ளிக்கிழமை காமாட்சி சந்நிதிக்கு ஓடினேன். கும்பிடப் போனவள் சண்டை போட்டேன்.

"உனக்கு இன்னாடி கொறைச்சல்? யாரையாவது வுட்டு இந்தக் கணக்கைச் சொல்லிக் குடேன்!"

வாய்விட்டு அழுதேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து மறுபடி சிலேட்டை எடுத்தேன். எக்ஸ் கூட்டல் ஏழு சமம் பன்னிரண்டு என்று சத்தமாகப் படித்தேன். ஏழை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கூட்டினேன். பத்தொன்பது.

"இன்னாமா பண்ற?"

கட்டிலிலிருந்து அவர் குரல். சிலேட்டோடு திரும்பினேன்.

"அஞ்சும் ஏழும்தானே பன்னெண்டு? பத்தொம்போது எங்கிருந்து வந்துது? இது இன்னா பொடவையா, இந்தக் கரை செவப்புன்னா அந்தக் கரையும் செவப்பு போட? இன்னும் தறியிலயே குந்திக்கினு இருக்குது உன் புத்தி."

உண்மைதான். பத்து வருடம் தறியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிந்தவள் நான். அவர் பக்கம் என்ன நிறமோ என் பக்கமும் அதே நிறம். பக்கம் மாறினால் குறி மாறும் என்று நூறு முறை படித்திருந்தேன். கைதான் கேட்கவில்லை. நான்காம் வகுப்போடு நின்றவர், அன்று முதல் தினமும் எழுந்து உட்கார்ந்து என் சிலேட்டைச் சரிபார்த்தார்.

பரீட்சையில் ஒரு கேள்வி: மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. எனவே மழை பெய்தது. சரியா, தவறா? சாமி புறப்பாட்டுக்காகத் தெருவில் கொட்டிய தண்ணீரில் காலையில்தான் என் புடவை நனைந்திருந்தது. வானத்திலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. தவறு என்று எழுதினேன்.

பாஸானேன். பயிற்சியில் இடம் கிடைத்தது. பயிற்சி முடித்து ஒரு பள்ளியில் டீச்சரானேன்.

"சொல்லிக் குடுத்தது உன் வீட்டுக்காரரு, எழுதினது நீ. இதுல அம்மன் எங்க வந்தா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. வேண்டினேன், பாஸானேன், எனவே அவள்தான் செய்தாள் என்று எழுதினால் அதற்கும் தவறுதான் போடுவார்கள். எனக்குத் தெரியாதா? ஆனால் நான் கேட்டது ஒரு கணக்கு. அவள் அவரை அனுப்பினாள். உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அவளிடம் போங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள்.