சிபி பாடாத வரிகள்

இறந்துபோன ஒரு பாடகனின் கடைசிப் பாட்டிலிருந்து அவனுடைய வரிகளை எடுத்துவிட்டு, என் வரிகளை வைத்தேன். அவை அவன் பாடியவை என்று எல்லோரையும் நம்பவைத்தேன். அவனைப் பெற்றவளையும்!

பதினான்கு வருடங்களாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிப்பதற்காக அல்ல... மன்னிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

'பவர்கட்' என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கோயம்புத்தூரில் மூன்று பேர் சேர்ந்து நடத்திய ராக் இசைக்குழு. சிபி பாடுவான், கிதார் வாசிப்பான். ரகு பேஸ் கிதார். அன்வர் டிரம்ஸ். நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் ஊரே வியர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அதனால் அந்தப் பெயர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவர்களுடைய ஒரு பாட்டுகூட வெளிவந்ததில்லை. கேட்க வேண்டுமானால் நேரில் போக வேண்டும். போனோம்! பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபம், சரவணம்பட்டியில் கல்லூரி விழா, காந்திபுரத்தில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடி... எங்கே போனாலும் முன்வரிசையில் அதே இருபது முப்பது முகங்கள். பாலிடெக்னிக் முடித்து, பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த என் முகமும் அதில் ஒன்று.

வெளிவராத பாட்டுகளுக்குத் தலைப்பு ஏது? நாங்களே வைத்துக்கொண்டோம். கேட் பாட்டு, எருமைப் பாட்டு, மழைப் பாட்டு. கேட் பாட்டில் ரயில்வே கேட் மூடியிருக்கும். சிபி பொறுமையில்லாமல் முனகுவான். அன்வரின் டிரம்ஸில் தூரத்து ரயில் கிளம்பி, நெருங்கி, எங்கள் நெஞ்சுக்கூட்டின் மேலேயே ஏறிப்போகும். கேட் திறந்ததும் நாங்கள் போட்ட கூச்சல்... ஐயோ! பல்லடம் மண்டபத்தில் பெண்வீட்டார் காதைப் பொத்திக்கொண்டார்கள். சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப்பார்த்த ஒரு பெரியவர் மட்டும் எங்களோடு சேர்ந்து ஆடினார். இன்றும் ஏதாவது ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தினால், என் விரல்கள் தாமாகவே ஹேண்டில்பாரில் தாளம் போடும்.

யாராவது பதிவு செய்யக் கைப்பேசியைத் தூக்கினால் சிபி பாட்டையே நிறுத்திவிடுவான்.

"ஏனுங்க, போனைக் கீழ வைங்க. பாட்டு இன்னும் வேகலைங்க. வெந்ததும் நானே எலை போட்டுக் கூப்பிடறேன்."

சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிடுவோம். ஒரு பதிவும் மிஞ்சாமல் போனதற்கு அதுதான் காரணம். எங்கள் தலைதான் பதிவுநாடா. கச்சேரி முடிந்ததும் பீளமேட்டில் ஒரு பேக்கரியில் கூடி, டீயும் தேங்காய் பன்னும் வைத்துக்கொண்டு, கேட்டதையெல்லாம் திரும்பப் பாடிப் பார்ப்போம். வரிகளுக்குச் சண்டை வரும். சண்டையைத் தீர்ப்பவள் ஸ்டெல்லா. போத்தனூர்க்காரி. அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒருமுறை கேட்டதை லேசில் மறக்க மாட்டாள்.

எனக்கு வேறொரு ஆசை இருந்தது. நான் கவிதை எழுதுவேன். என் வரிகளைச் சிபியின் குரலில் கேட்க வேண்டும்... எத்தனை பேருந்துப் பயணங்களில் அதைக் கற்பனை செய்திருப்பேன்! ஒரு நாள் துணிந்து, பேக்கரி வாசலில் வைத்துக் காகிதத்தை நீட்டினேன்.

'நதியே நில்லாதே, நானும் நில்லேன். கரைகள் எல்லாம் சிறைகள். கடலே என் வீடு.'

சிபி இரண்டு முறை படித்தான். திருப்பிக் கொடுத்தான்.

"நல்லாருக்குதுங்க செந்தில். ஆனா பொஸ்தகமாட்ட இருக்குதுங்க. எனக்குப் பேசறாப்ல இருந்தாத்தான் வாயில வரும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். டீ சொன்னேன். அந்தக் காகிதத்தை மட்டும் கிழித்துப் போடவில்லை. ஏன் போடவில்லை? இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அவர்களுடைய கடைசிக் கச்சேரி சத்தியமங்கலத்தில் நடந்தது. பவானி ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானம். மாலை நான்கு மணி வெயில். ஏழெட்டுப் பாட்டுகள் முடிந்தபின் சிபி, மரக் கிதாரை எடுத்துக்கொண்டு மைக்குக்கு வந்தான்.

"இது புதுசுங்க. மெட்டு மட்டுந்தான் இவுங்களுக்குத் தெரியும். வார்த்தை, வர்ற வழியில பஸ்ஸுலதான் முடிஞ்சுது."

மெட்டை ஒருமுறை வாசித்து முடித்தான். மின்சாரம் போனது!

மைதானம் விசிலடித்தது. பேஸ் கிதார் ஊமையாகிவிட, ரகு ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினான். அன்வர் பின்னால் டிரம்ஸுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். சிபி என்ன நினைத்தானோ... மேடை விளிம்பில் வந்து, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மைக் இல்லாமலே பாட ஆரம்பித்தான். அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றவர்கள் நானும் ஸ்டெல்லாவும். பின்னால் இருந்தவர்களுக்கு இரைச்சலுக்கு நடுவே மெட்டு மட்டும் கேட்டது. வார்த்தைகள் எங்களுக்குக் கேட்டன.

'கரண்டு போயிருச்சு அம்மா, தறியெல்லாம் நின்னுருச்சு. இப்பவாச்சும் கேளு அம்மா, மெதுவாத்தான் சொல்லுறேன். கத்திக் கத்திப் பேசிப்போட்டேன்... தப்பு எம்மேலதான்.'

அவன் அம்மாவின் பெயர் பூவாத்தாள். பல்லடத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள். கணவர் இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்மாவும் மகனும் எதைப் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும் என்று சிபி சொல்லியிருக்கிறான். மின்சாரம் போகும் நேரத்தில்தான் அந்த வீட்டில் இருவரும் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த மேடையடியில் நின்றபோதுதான் உறைத்தது. பாட்டுக்காகக் கல்லூரிப் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு, அம்மாவோடு சண்டைபோட்டு வெளியேறியவன் அவன். எட்டு மாதமாகப் பேச்சில்லை. இதுவும் எனக்குத் தெரியும்.

அழுதேன். அது உண்மை. அடுத்த நொடியே பொறாமைப்பட்டேன். அதுவும் உண்மை! எவ்வளவு எளிய வார்த்தைகள்... என் நதியும் கடலும் அவற்றின் முன்னால் என்ன ஆயின!

மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவிநாசி சாலையில், விடிந்து கொஞ்ச நேரத்தில், சிபியின் பைக் மீது லாரி மோதியது. அடுத்த வாரம் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கப்போவதாக அன்வரிடம் சொல்லியிருந்தானாம்.

ஒரு வருடம் கழிந்தது. அந்தப் பாட்டுகள் எங்களோடு அழிந்துவிடக் கூடாது என்று முடிவு செய்து, பழைய முகங்களெல்லாம் அதே பேக்கரியில் கூடினோம். நினைவிலிருந்து ஒவ்வொரு பாட்டாக எழுதினோம். நோட்டு என் கையில் இருந்தது. கேட் பாட்டை எழுதும்போது எல்லோரும் மேசையில் தட்ட, டீ தம்ளர்கள் குதித்தன. அழுகையும் சிரிப்புமாக அப்படியொரு பிற்பகல் என் வாழ்க்கையில் பிறகு வரவேயில்லை.

கடைசியாகச் சத்தியமங்கலத்துப் பாட்டு. மெட்டு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வார்த்தை கேட்கவில்லை என்றார்கள் ரகுவும் அன்வரும்.

ஸ்டெல்லா மெல்லச் சொன்னாள். "கரண்டு போயிருச்சு அம்மான்னு ஆரம்பிக்குமுங்க. தறின்னு ஏதோ வரும்..."

நான் தலையாட்டியிருக்க வேண்டும். 'ஆமாம்' என்ற ஒரே ஒரு சொல்! மாறாக, என் வாய் சொன்னது:

"அது பாட்டு இல்ல ஸ்டெல்லா. கரண்டு போனதும், போயிருச்சுன்னு அவன் பேசுனது. நீ அதையும் பாட்டுன்னு நெனச்சுக்கிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவின் முகம் சிவந்தது. "அப்படியும் இருக்குமோ..." என்றாள். அந்த இடைவெளியில் நான் என் வரிகளை அந்த மெட்டில் பாடினேன். நதியே நில்லாதே... பாடி முடித்தபோது ரகு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

திட்டம் போட்டுச் செய்தேனா? இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அசையும் சீரும் பிசகாமல் அந்த மெட்டில் என் வரிகள் உட்கார்ந்தன என்றால்... அதற்கு முன்பே, தனியாக, எத்தனை முறை பாடிப் பார்த்திருப்பேன்! நீங்களே சொல்லுங்கள்.

நோட்டைத் தட்டச்சு செய்து, பல்லடத்துக்கு நானே எடுத்துப் போனேன். பூவாத்தாள் அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க. நீங்களே வாசிங்க கண்ணு."

எல்லாவற்றையும் வாசித்தேன். எருமைப் பாட்டுக்குச் சிரித்தார். கடைசிப் பாட்டுக்குச் சிரிக்கவில்லை. 'கரைகள் எல்லாம் சிறைகள்' என்ற வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எழுந்து உள்ளே போய், காப்பி போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவுதான்.

உங்களுக்குப் புரிகிறதா? நான் அந்தத் தாயிடமிருந்து ஒரு மன்னிப்பைத் திருடியது மட்டுமல்ல. திருடிய இடத்தில் ஒரு முள்ளையும் வைத்துவிட்டு வந்தேன்!

பிறகு திரும்பிப் போகும் வழி அடைபட்டுக்கொண்டே வந்தது. ரசிகர்கள் கைப்பேசியில் ஒரு குழு தொடங்கி அதற்குக் 'கரண்டு வந்துருச்சு' என்று பெயர் வைத்தார்கள். பாட்டில் சந்தேகமென்றால் என்னைத்தான் கேட்டார்கள். என் வரிகளைச் சிலர் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். ஸ்டெல்லா குழுவில் கொஞ்ச நாள் இருந்தாள்... பிறகு விலகிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த வருடம், சரவணம்பட்டிக் கல்லூரி மாணவர்கள் சிலர் சிபியின் பாட்டுகளை மேடையேற்றினார்கள். அவன் இருந்தபோது பாலர் பள்ளியில் இருந்திருக்கக்கூடிய பிள்ளைகள்! ஞாயிற்றுக்கிழமை மாலை, அரங்கு நிறைந்துவிட்டது. பூவாத்தாள் அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பாட்டுகளைக் காப்பாற்றியவன் என்று, பக்கத்து நாற்காலியை எனக்குத் தந்தார்கள்.

வாசலில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். தலையில் இரண்டொரு நரை, கையில் மகளின் கை. பழைய நாளைப் போலவே மெல்லச் சிரித்தாள்.

"எனக்கு இன்னமும் அம்மான்னுதான் கேக்குது செந்தில். நர்சு நானே போயி டாக்டர்கிட்டக் காதைக் காட்டோணுமாட்ட இருக்குது."

நானும் சிரித்தேன். சிரித்தேன்!

கேட் பாட்டுக்கு அரங்கமே எழுந்து நின்றது. ரயில் வந்தது, ஏறிப்போனது, கேட் திறந்தது. என் தொண்டையிலிருந்து பழைய கூச்சல் கிளம்பியது. சில நிமிடங்களுக்கு எனக்கு இருபத்து மூன்று வயது. திரும்பினால் சிபி நிற்பான் என்றே தோன்றியது.

கடைசியில் அந்தப் பாட்டு. நூற்றுக்கணக்கான குரல்கள் என் வரிகளைப் பாடின. பேருந்து ஜன்னலோரத்தில் நான் கண்ட கற்பனை, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல், என்னைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. பூவாத்தாள் அம்மா என் பக்கம் சாய்ந்தார். தறிச்சத்தத்தில் பழகியவர், அந்த இரைச்சலிலும் அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"ஊடு ஜெயிலாட்ட இருந்துருக்குதுங்க அவனுக்கு. நாந்தான் வெரட்டிப்போட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லீங்கம்மா."

"என்னையப் பத்தி ஒரு வார்த்தை பாடலீங்களா, கண்ணு? எந்தப் பாட்டுலயாச்சும்?"

பதினான்கு வருடங்களில் முதன்முறையாக யாரோ என்னிடம் அந்தக் கேள்வியை நேராகக் கேட்டார்கள். மூன்றே மூன்று வரி. எனக்கு மனப்பாடம். பாடக்கூட வேண்டியதில்லை, சொன்னால் போதும்.

"இல்லீங்கம்மா," என்றேன்.

அவர் தலையாட்டினார்.

"கோவத்தோடயேதான் போயிருக்கறான்."

"கோவமெல்லாம் இல்லீங்க. தப்பு தன்மேலதான்னு நெனச்சிருப்பானுங்க."

அவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

மேடையில் யாரோ 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள். மாணவர்கள் மறுபடியும் தொடங்கினார்கள். அவர் கண்கள் என் முகத்தை விட்டு நகரவில்லை. எப்படிப்பட்ட கண்கள் தெரியுமா... கொஞ்சம் கிடைத்தாலும் போதும் என்று காத்திருக்கும் கண்கள்.

"சும்மா... தோணுச்சுங்கம்மா."

அவர் திரும்பி மேடையைப் பார்க்க ஆரம்பித்தார். பாட்டு முடிந்ததும் கைதட்டினார். சிங்காநல்லூர் பேருந்து நிலையம் வரை என் வண்டியிலேயே கூட்டிப்போய், பல்லடம் பேருந்தில் உட்காரவைத்தேன். "பாத்துப் போங்க கண்ணு, ஒரு நாள் ஊட்டுக்கு வாங்க" என்றார். வருகிறேன் என்றேன்.

மூன்று மாதமாகிறது. ஒரு மணி நேரப் பயணம்தான்.

இன்னும் போகவில்லை.