ஆம் என்று எழுதிய கெண்ட்ரா

கெண்ட்ரா மலின்ஸும் நானும் ஒரே ஆண்டில் டாக்டர் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைக்குள், நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஊர் அவளுடையது. பட்டம் வாங்கி, தேர்வுகளில் தேறி, பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே இடமும் கிடைத்துவிட்டது. மாநில மருத்துவ வாரியம் தரும் பயிற்சி உரிமம் மட்டும்தான் பாக்கி.

அதற்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா?

பெற்றிருந்தாள். கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் ஒரு காலை அவளால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. சாவு, காதல் தோல்வி என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் கிடையாது. படிப்பைக் கொஞ்சகாலம் நிறுத்திவிட்டு, மாத்திரை சாப்பிட்டுத் தேறி வந்தாள்.

அவள் அம்மா லொரெட்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். "இல்லைன்னு எழுதிட்டுப் போடி. எவன் வந்து தோண்டிப் பாக்கப் போறான்?" என்றாள்.

"கையெழுத்துப் போடறது நான்தானேம்மா."

"இத்தனை வருஷம் படிச்சு, இந்த ஒத்த வரியில கோட்டை விடப் போற. உங்கப்பன் வீம்பு அப்படியே வந்திருக்கு."

கெண்ட்ரா ஆம் என்று எழுதினாள்.

வாரியம் அவளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரின் அறிக்கையைக் கேட்டது. அப்புறம் நேரில் வரச் சொன்னது. அதற்குள் ஜூலை பிறந்து நாங்கள் எல்லோரும் வேலையைத் தொடங்கிவிட்டோம். உரிமம் இல்லாதவள் நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கக் கூடாது. வகுப்புகளுக்கு மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். சாப்பிடும்போது நாங்கள் வார்டுக் கதைகளை ஆரம்பித்தால் தட்டோடு எழுந்து போய்விடுவாள். அவளிடம் என்ன பேசுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்களில் யார் யார் 'இல்லை' என்று பொய் எழுதினோம் என்பதை நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் வயதான டாக்டர் கேட்டார்: "அந்த நோய் திரும்ப வந்தா என்னம்மா பண்ணுவே?"

"திரும்பவும் டாக்டரைப் போய்ப் பாப்பேன் சார். இல்லைன்னு எழுதியிருந்தா, அவர்கிட்ட போகவே பயந்திருப்பேன்."

ஆகஸ்டில் உரிமம் வந்தது, ஒரு நிபந்தனையோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய மருத்துவர் வாரியத்துக்கு அவள் நிலைமையைப் பற்றி எழுத வேண்டும்.

"ஜாமீன்ல வந்த கைதி மாதிரி இருக்கு" என்று குமுறினாள். ஆனாலும் அன்று மாலையே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வார்டில் வந்து நின்றாள்.

இரண்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்த நோய் திரும்பி வந்தது. அவளே துறைத் தலைவரிடம் போய்ச் சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டாள். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதையும் வாரியத்துக்கு எழுதினார். மகளுடைய உரிமம் போய்விடும் என்று லொரெட்டா அழுதாள். போகவில்லை. வாரியத்திலிருந்து பதிலே வரவில்லை.

விடுப்பு முடிந்து வந்த அன்று, நெஞ்சில் கரி படிந்து மூச்சுக்குத் திணறும் சுரங்கத் தொழிலாளி ஹோபர்ட் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கே தாயி போயிருந்தே? இந்தப் பசங்க ஊசி குத்தத் தெரியாம என் கையைக் கந்தலாக்கிட்டானுங்க."

"உடம்பு சரியில்ல பெரியவரே."

"டாக்டருக்கேவா?"

"டாக்டருக்குந்தான்" என்று ஸ்டெதஸ்கோப்பை அவர் முதுகில் வைத்தாள். "மூச்சை நல்லா இழுங்க."