கிழக்கேகோட்டையில் நிற்காத வண்டி

திரவியத்துக்குக் கோபம் வருவதே அபூர்வம். வந்தால், வழி விடாமல் முன்னால் ஊர்கிற ஆட்டோக்காரன் மேல்தான் வரும். வீட்டில் மனைவி எலிசாள் எவ்வளவு ஏசினாலும் தலையை ஆட்டிக்கொண்டு சோற்றைத் தின்று எழுந்துவிடுவார். மேலதிகாரி வைதால் ஒரு சல்யூட் அடித்துவிட்டு வந்துவிடுவார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மட்டும் மனிதர் வேறு ஆள். பாறசாலையில் செங்கல் லாரியில் கிளீனராக ஏறி, அதே லாரியை ஓட்டப் பழகி, அப்புறம் கேரள போலீசில் டிரைவராகச் சேர்ந்தவர். திருவனந்தபுரம் நகரத்துக் கன்ட்ரோல் ரூம் ஜீப்புகளில் நாலாம் நம்பர் அவருடையது. அவருடையது என்றால் சர்க்காருடையதுதான். ஆனாலும் வேறு எவனாவது அதை எடுத்துக்கொண்டு போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் அரிசி லாரியும் கைவண்டியும் மாடும் மனிதனும் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், திருப்ப வழியில்லாவிட்டால் ஜீப்பைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். பக்கத்தில் இருக்கிற அதிகாரி கண்ணை மூடிக்கொள்வார். "நம்ம கையிலயாக்கும் சாரே வண்டி இருக்கு, பேடிக்காண்டாம்" என்று தைரியம் சொல்வார் திரவியம். அந்தப் பேச்சில் கொஞ்சம் திமிரும் இருந்தது. யார் இல்லை என்றார்கள்?

அந்த நாளில், தொண்ணூறுகளின் கடைசி வரைக்கும், வயர்லெசில் எல்லாம் நம்பர்தான். அடிதடிக்கு ஒரு நம்பர், திருட்டுக்கு ஒரு நம்பர், விபத்துக்கு ஒன்று. நம்பர் காதில் விழுந்ததும் நகரத்தில் எத்தனை ஜீப் உண்டோ அத்தனையும் சைரனைப் போட்டுக்கொண்டு ஓடும். யார் பக்கத்தில் இருக்கிறார், யார் தூரத்தில் இருக்கிறார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. எவனாவது ஒருவன் போய்ச் சேர்ந்துவிடுவான், காரியம் நடந்துவிடும்.

இதனால் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து அவ்வப்போது "எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். எல்லாருடைய வாய்க்கும் முதலில் வருவது கிழக்கேகோட்டை. நகரத்தின் நடுமத்தி, எந்த நேரமும் கூட்டம், போலீஸ் நிற்க வேண்டிய இடம், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வயர்லெசை நம்பினால் சில மத்தியானங்களில் நாலு ஜீப்பும் கிழக்கேகோட்டையில்தான் நின்றன. உண்மையில் ஒன்று டிரைவர் வீட்டு வாசலில் நிற்கும், ஒன்று அதிகாரிக்கு மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடையில் நிற்கும், ஒன்று முடிவெட்டுகிற கடை முன்னால் நிற்கும், இன்னொன்று மர நிழலில் தூங்கும். நாலும் அங்கே நின்றால் பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு மகராசனும் கேட்டதில்லை. இதைப் பொய் என்றுகூட யாரும் நினைக்கவில்லை. நிர்வாண ஊரில் கோவணம் கட்டியவன்தானே பைத்தியக்காரன்!

அப்படி இருக்கையில் ஒரு நாள் ஒரே நம்பரைக் கேட்டு ஓடிய இரண்டு போலீஸ் ஜீப்புகள் ஒரு நாற்சந்தியில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. திருடன் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனதாக ஊரில் பேச்சு. இரண்டு போலீஸ்காரர்களுக்குக் கை ஒடிந்தது. அதோடு மேலிடம் விழித்துக்கொண்டது. புதிய நடைமுறை வந்தது.

போலீஸ் காம்பில் ஒரு ஹாலில் டிரைவர்களையும் வண்டி அதிகாரிகளையும் உட்கார வைத்து, ஓர் இளம் அதிகாரி டைப் அடித்த தாள்களைப் பார்த்துப் படித்தார். நம்பர்கள் பெரும்பாலும் போயின. இனி விஷயத்தைச் சாதாரணப் பேச்சில் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கிற வண்டி எதுவோ அது ஒன்று மட்டும் சைரன் போட்டுப் போகும். மற்ற வண்டிகள், கன்ட்ரோல் ரூம் கூப்பிடாமல் அசையக்கூடாது. சைரன் போட்டாலும் சிவப்பு விளக்கில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம்தான் தாண்ட வேண்டும்.

"சிவப்புல நிக்கணும்னா, பின்னே சைரன் எதுக்கு சாரே, பாட்டு கேக்கவா?" என்றார் திரவியம்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. படித்த அதிகாரியும் சிரித்துவிட்டார். அப்புறம் அன்று முழுவதும் சிவப்பு விளக்கைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும்தான் தர்க்கம். வண்டி நிற்கிற இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மொத்த ஏற்பாடும் அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை. ஒருத்திக்கு மட்டும் உறைத்தது. கன்ட்ரோல் ரூமில் மைக் முன்னால் உட்காருகிற லீலாபாய். நெய்யாற்றின்கரைப் பக்கம், வீட்டில் தமிழ் பேசுகிறவள்.

கேன்டீனில் திரவியத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, இனி உள்ளத உள்ளபடி சொல்லணும், கேட்டியளா? நீங்க சொல்லுதத நம்பித்தான் நான் ஒரு வண்டிய விடப் போறேன். மத்தவன் எவனும் வரமாட்டான்."

"அதுக்கென்ன பிள்ளே, சொல்லீருவோம்."

சொல்லவும் செய்தார், கொஞ்ச நாள். நாய் வாலைக் குழலில் வைத்து எத்தனை நாள் நிமிர்த்துவது?

நாலாம் வண்டியின் அதிகாரி ஏ.எஸ்.ஐ. சசிதரன். நல்ல மனிதர், சாப்பாட்டில் பிரியம். அவருடைய தங்கை நேமத்தில் வீடு கட்டிக் குடிபோகிறாள். நேமம் நகரத்துக்குத் தெற்கே, கரமனைப் பாலம் தாண்டி, பஸ் ரோட்டில் நல்ல தூரம். "திரவியம், ஊணு கழிச்சிட்டு உடனே திரும்பாம். ஆரு அறியான்?" என்றார். சாப்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று அர்த்தம். திரவியத்துக்கும் பசி. ஜீப் நேமம் போயிற்று.

முதல் பந்தியில் திரவியத்துக்குப் போட்டுவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, வயர்லெசைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று ஒரு டம்ளர் பாயசத்தோடு ஜீப்பில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் லீலாபாய் ஒவ்வொரு வண்டியாக இடம் கேட்டுக்கொண்டு வந்தாள். கன்ட்ரோல் நாலு, எங்கே?

"கிழக்கேகோட்டை" என்றார் திரவியம். மனசு யோசிக்கும் முன்னால் வாய் சொல்லிவிட்டது.

பாயசம் தீரவில்லை, அதற்குள் அவளே மறுபடி கூப்பிட்டாள். சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடை முன்னால் லாரியிலிருந்து கம்பிக் கட்டு சரிந்து, சுமை இறக்குகிற சுமட்டுக்காரர் ஒருவர் தொடையில் விழுந்திருக்கிறது. ரத்தம் போகிறது. கன்ட்ரோல் நாலு பக்கத்தில் இருக்கிறது, நாலு போகட்டும். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு கூப்பிடு தூரம். நேமத்திலிருந்து? திரவியம் பந்தலுக்குள் ஓடினார். சசிதரன் இலையில் கை வைத்தபடி விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவர் தொப்பியும் போகும், திரவியத்தின் ஸ்டியரிங்கும் போகும்.

"புறப்பட்டு எந்நு பறா," என்றார்.

திரவியம் அப்படியே சொன்னார். புறப்பட்டுவிட்டோம் என்றார். அதிகாரி சொன்னதால் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே இன்னொன்றும் இருந்தது. நம்ம கையில் வண்டி இருக்கிறது, பிடித்துவிடலாம் என்று அவருக்கு மெய்யாகவே நம்பிக்கை. சசிதரன் கை கழுவக்கூட இல்லை. சைரன் அலற ஜீப் பறந்தது. பாப்பனம்கோடு தாண்டினார்கள், கைமனம் தாண்டினார்கள். அப்படி ஓட்டியதை யாராவது பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்கள். கரமனைப் பாலத்தை நெருங்கியதும் எல்லாம் நின்றது. பாலத்தின் மேல் ஒரு பஸ் அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் ஓடை. எந்தச் சைரனுக்கு எவன் எங்கே ஒதுங்குவான்?

"கன்ட்ரோல் நாலு, எத்தியோ?" போய்ச் சேர்ந்தாயிற்றா என்று லீலாபாய் கேட்டாள்.

சசிதரன் மைக்கை எடுத்து, கடைத்தெருவில் டிராபிக் பிளாக், இதோ ஆயிற்று என்றார். திரவியம் ஹார்னை அமுக்கினார். அமுக்கி அமுக்கி உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

மறுபடி அவள் குரல். கடைக்காரர் திரும்பவும் போன் செய்கிறார். கம்பியை எடுத்துவிட்டார்களாம், ரத்தம் நிற்கவில்லையாம். போலீஸ் வண்டி பக்கத்தில்தான் இருக்கிறது, இப்போது வந்துவிடும் என்று தானே அவர்களிடம் சொல்லியிருப்பதாக அவள் சொன்னாள். சசிதரன் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

திரவியம் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினார். வயர்லெசில் எல்லாரும் மலையாளம்தான் பேசுவது. அவருக்கு அந்த நேரம் வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"லீலா, நாங்க கரமனையில கெடக்கோம். நேமத்துலேர்ந்து வாறோம். கிழக்கேகோட்டையில நாங்க நிக்கவே இல்ல. வேற வண்டிய விடு பிள்ளே, சீக்கிரம் விடு!"

நகரத்துப் போலீஸ் மொத்தமும் அதைக் கேட்டது. பக்கத்தில் ஓவர்பிரிட்ஜில் நின்ற இரண்டாம் வண்டி, கூப்பிட்ட மூச்சில் கடைத்தெருவுக்குப் போய் ஆளைத் தூக்கிக்கொண்டு மெடிக்கல் காலேஜுக்கு ஓடியது. பேச்சிமுத்து என்று பெயர், சங்கரன்கோவில் பக்கத்து ஆள். உயிர் பிழைத்துவிட்டார். கால் பிழைக்கவில்லை. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் விசாரணை. சசிதரனை ஏதோ மலையோர ஸ்டேஷனுக்குத் தூக்கி அடித்தார்கள். திரவியத்தை ஜீப்பிலிருந்து இறக்கிக் காம்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரியில் போட்டார்கள். மற்ற டிரைவர்களுக்கு அவர் மேல் தாங்க முடியாத எரிச்சல். இனி ஒவ்வொரு வண்டிக்காரரும் நிற்பதாகச் சொல்கிற இடத்துக்கே போய், அங்கே வைத்திருக்கிற நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டதே! தின்கிற சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டான் என்றார்கள். இரண்டொருவர் மட்டும், தப்பித்திருக்கலாம், தானே சொல்லி மாட்டிக்கொண்டார், அரிச்சந்திரன் என்று மெச்சினார்கள். ஏச்சை அவர் வாங்கிக்கொண்டார். மெச்சலைக் கேட்டால்தான் உடம்பு கூசிற்று. நேமத்தில் பாயச டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியதை, வழியில்லாமல் போன பிறகல்லவா சொன்னோம் என்று அவருக்கு வேதனையாக இருந்தது. தூக்கம் கெட்டது.

எலிசாள் பார்த்துப் பார்த்து ஒரு நாள் வெடித்தாள். "இஞ்ச பாருங்க, மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடந்தா அவனுக்குக் கால் முளைக்குமா? போயி ஒரு தடவ முகத்தப் பாத்துட்டு வாங்க."

யூனிபார்ம் போடாமல், ஒரு பொட்டலம் ரொட்டியும் ஆரஞ்சுமாக மெடிக்கல் காலேஜ் வார்டுக்குப் போனார். பேச்சிமுத்து சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அவர் மனைவி சுடலைமாடத்தி உட்கார்ந்திருந்தாள். சாலைக் கடைத்தெருவில் வெங்காய மண்டியில் வெங்காயம் பொறுக்குகிறவள். கடைக்காரர் யாரோ அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். திரவியமும் ஆம் இல்லை என்று சொல்லவில்லை. பார்த்தாயிற்று, கொடுத்தாயிற்று, போய்விடலாம் என்றுதான் நினைத்தார்.

"எப்படி இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்காரு. எங்கிட்டதான் பேச மாட்டேங்காரு," என்றாள். "பேசுவாரா? கால எடுத்தவளே நான்தானய்யா."

"நீங்க என்ன செஞ்சிய?"

"ஆட்டோ வந்து நின்னுச்சு. ஏத்துங்க, நான் கொண்டு விடுதேன்னு அந்தப் பையன் சொல்லத்தான் செஞ்சான். பக்கத்துலதான் போலீசு வண்டி நிக்கி, இந்தா வந்துரும்னு கடைக்காரரு போன வச்சிட்டுச் சொன்னாரு. போலீசு வண்டியில போனா ஆசுபத்திரியில கேள்வி இல்லாம உள்ள எடுப்பாவன்னு நெனச்சு, நீ போய்யான்னு நான்தான் ஆட்டோவ அனுப்பினேன். இவரு வேண்டாம், வேண்டாம்னாரு. நான் கேக்கல. பக்கத்துல நிக்கிற வண்டி வர இம்புட்டு நேரமாவா? அவன் என்னைக்கு வர, நான் எதுக்குக் காத்துக் கெடந்தேன்? என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

நெஞ்சிலும் அடித்துக்கொண்டாள். சத்தம் வரும்படி அடித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது அவர்களுக்குப் பழகிப்போன சத்தம்போல, உடனே திரும்பிக்கொண்டார்கள்.

ஆட்டோ வந்த கதை விசாரணையில்கூட வரவில்லை. திரவியம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அடிக்காதிய. பக்கத்துல வண்டி எதுவும் நிக்கல. அந்த வண்டி டிரைவர் நான்தான். நேமத்துல விருந்து தின்னுக்கிட்டு இருந்தேன். கிழக்கேகோட்டையில நிக்கேன்னு பொய் சொன்னேன். கேட்டதும் உண்மையச் சொல்லியிருந்தா வேற வண்டி உடனே வந்திருக்கும். அப்பவும் சொல்லல. வழியில மாட்டின பொறவுதான் சொன்னேன். நீங்க காத்திருந்தது தப்பில்ல."

கை அவள் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அவரை மேலும் கீழும் பார்த்தாள். ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்தாள். ஏசப் போகிறாள், காறித் துப்பப் போகிறாள் என்று திரவியம் நின்றார். துப்பினால் துடைத்துக்கொள்ளவும் மாட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

அவளோ திரும்பி, கட்டிலில் குனிந்து, சுவரைப் பார்த்துக் கிடந்த புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இந்தாரும், கேட்டீரா? முழிச்சுத்தான இருக்கீரு? கேட்டீரா? நான் இல்லியாம். இவருதானாம்."