பேஷன் ஃப்ரூட் கொடியில் இரண்டு வைரஸ்

சந்திரிகா தன் கண்ணையே எளிதில் நம்பாதவள். புனேயை ஒட்டிய நிக்டியில், வீட்டில் கேஸை மூடிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போனவள், திரும்பி வந்து மறுபடி பார்ப்பாள். புனேயில் ஒரு தாவர வைரஸ் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருஷமாக எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அவள் பொறுப்பில்தான் இருந்தது.

2003 பிப்ரவரியில் மாடசாமி ஒரு பை நிறைய இலைகளோடு வந்தார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். நகருக்குக் கிழக்கே ஹடப்சரைத் தாண்டி அரை ஏக்கரில் பேஷன் ஃப்ரூட் கொடி போட்டிருந்தார். இலைகளில் மஞ்சள் திட்டுகள். பழங்கள் கட்டையாக இறுகிக் கிடந்தன.

"பக்கத்துத் தோட்டக்காரன் களைக்கொல்லி அடிச்சிருக்காம்மா. எழுதிக் குடு, ஸ்டேஷன்ல குடுக்கணும்."

"மொதல்ல பாக்கறேன் அண்ணாச்சி."

சாற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது நீண்ட நூல்கள் தெரிந்தன. பழத்தை இறுக்கும் வைரஸ் அது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நூல்களுக்கு நடுவே, இரண்டிரண்டாக ஒட்டிய சின்னஞ்சிறு மணிகளும் இருந்தன. வெள்ளை ஈ பரப்பும் வகை. பேஷன் ஃப்ரூட்டில் அதைக் கண்டதாகக் கூடத்திலிருந்த எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

தலைவர் டாக்டர் ரானடே படத்தைப் பார்த்தார்; பிறகு அவளைப் பார்த்தார். அந்த வாரம்தான் அவள் தக்காளி இலைகளையும் சோதித்திருந்தாள். அவற்றிலும் இதே இரட்டை மணிகள். தக்காளிச் சாறு கலந்துவிட்டது, கவனம் போதாது என்றார். சந்திரிகாவுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் அதே சந்தேகம். இடுக்கியைக் கழுவினேனா?

ஞாயிற்றுக்கிழமை புது பிளேடும் புது உறைகளும் எடுத்துக்கொண்டு ஹடப்சருக்கு பஸ் ஏறினாள். இலையைத் தொட்டதும் வெள்ளை ஈக்கள் பறந்தன. மாடசாமியோ நோய்க்கொடியை அறுத்த கத்தியை வேட்டியில் துடைத்து, நல்ல கொடியில் வைத்தார்.

"அண்ணாச்சி, எல்லாத்துக்கும் அதே கத்தியா?"

"கத்தியில என்னம்மா இருக்கு? வேலிக்கு அந்தப் பக்கம் பாரு."

திங்களன்று, வேறெந்த இலையையும் தொடுமுன், புது இடுக்கியால் மூன்று முறை சோதித்தாள். மூன்றிலும் இரட்டை மணிகள். மாதிரியில் என்ன இருக்கிறதென்று சொல்லாமலே வெளியூர்க் கூடம் ஒன்றுக்கு அனுப்பச் சொன்னாள். முனகிக்கொண்டே ரானடே அனுப்பினார். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: இரண்டு வைரஸ்கள், ஒன்று இதுவரை பதிவாகாதது, தக்காளியில் இருப்பதும் அல்ல. கடிதத்தைப் படித்த பிறகும் ரானடே அவளுடைய பதிவேட்டை வாங்கி, தேதி தேதியாகச் சரிபார்த்தார். பிறகு, "உன் பெயரும் கட்டுரையில் போகும்" என்றார்.

சேதி சொல்ல அவளே போனாள். "களைக்கொல்லி இல்ல அண்ணாச்சி. ஒண்ணு ஈ கொண்டு வந்தது. இன்னொண்ண உங்க கத்திதான் கொடிக்குக் கொடி பரப்பிருக்கு."

மாடசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தத் தோட்டக்காரன் ஒன்னயும் வந்து கவனிச்சுட்டானா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கொடிகளை வேரோடு பிடுங்கி எரிக்கும்படி சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அவர் எரித்தார்தான். அத்தனையையும் வேலியோரம் குவித்து, காற்று பக்கத்துத் தோட்டத்துப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து தீ வைத்தார்.